விமானியறையில் இருக்கும் பிணை

ஆகாய விமானங்களைச் செலுத்துவதற்கு இனிமேல் மனிதர்கள் தேவைப்படமாட்டார்கள் என்ற பேச்சு அண்மைய வருடங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. செயற்கை நுண்ணறிவு எக்ஸ்ரே படத்தை வாசிக்கிறது, வழக்கறிஞருக்கு ஆவணம் தயாரித்துக் கொடுக்கிறது, சில நகரங்களில் சாரதி இல்லாத வாடகைக் காரை ஓட்டுகிறது; விமானத்தை மாத்திரம் அதனால் செலுத்த முடியாதா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால், அந்தக் கேள்வியை முன்தள்ளுபவர்களுக்கு உண்மையில் எது தேவைப்படுகிறது என்பதையும் சேர்த்து நோக்கினால்தான் விடயம் தெளிவாகும்.

நான் விமானத்துறை நிபுணன் அல்ல. கலைப்பீடத்தில் படித்துவிட்டுப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன். எனினும், நீண்டகாலம் வெளிநாட்டுச் செய்திகளைக் கையாண்டவன் என்ற வகையில் விமான அனர்த்தங்கள் பற்றிய செய்திகளையும், பின்னர் வெளியாகும் விசாரணை அறிக்கைகளையும் தொடர்ந்து வாசித்து வந்திருக்கிறேன். விபத்து நடந்த முதல் நாளில் உலகம் விமானியைப் பற்றியே பேசும். ஒன்றிரண்டு வருடங்கள் கழித்து அறிக்கை வரும்போது விமானியுடன் சேர்த்து, இயந்திரத்தை வடிவமைத்தவரும் பராமரித்தவரும் அனுமதி வழங்கிய அதிகாரியும் அதில் இடம்பெற்றிருப்பார்கள். ஆனால், அந்த அறிக்கையை வாசிப்பவர்கள் மிகச் சிலரே.

இயந்திரத்தால் விமானத்தைச் செலுத்த முடியுமா என்பதில் இன்று விவாதத்துக்கு இடமில்லை. 1914 ஜூனில் பாரிஸ் நகருக்கு அருகே செய்ன் நதிக்கு மேலாகப் பறந்த அமெரிக்க இளைஞர் லோரன்ஸ் ஸ்பெரி, ஜைரோஸ்கோப் பொருத்திய கருவியிடம் விமானத்தை ஒப்படைத்துவிட்டு இரு கைகளையும் உயர்த்திக் காட்டினார். 1947 செப்டெம்பரில் அமெரிக்க விமானப்படையின் சி-54 ரக விமானமொன்று கனடாவுக்கு அப்பாலிருந்த நியூபவுண்ட்லாந்திலிருந்து இங்கிலாந்து வரை, மேலெழுந்தது முதல் தரையிறங்கியது வரை தன்னியக்கமாகவே பறந்தது. 1965 ஜூன் 10ஆம் திகதி பயணிகளுடன் லண்டன் ஹீத்ரோ விமானநிலையத்துக்கு வந்த டிரைடன்ட் விமானம் தானாகவே தரையிறங்கியது. இன்று நாம் ஏறும் பெரிய விமானங்களில், மேலெழுந்த சில நிமிடங்களில் இருந்து இறங்கும் தறுவாய் வரை பெரும்பாலான நேரம் ஓட்டோ பைலட் எனப்படும் தன்னியக்கச் செலுத்தியே வேலை செய்கிறது.

அடுத்த படிகளும் தாண்டப்பட்டுவிட்டன. எயார்பஸ் நிறுவனம் 2020ஆம் ஆண்டில், கமெரா மூலம் ஓடுபாதையைத் தானே 'பார்த்து' ஓடவும் எழும்பவும் இறங்கவும் கூடிய ஏ-350 விமானத்தின் பரிசோதனைகளை நிறைவு செய்தது. 2023 நவம்பரில் அமெரிக்காவில் சரக்கு ஏற்றப் பயன்படும் செஸ்னா விமானமொன்று உள்ளே எவருமின்றி, தரையிலிருந்து கண்காணிக்கப்பட்டுப் பறந்தது. இரண்டு பயணிகளை மாத்திரம் ஏற்றிக்கொண்டு விமானியின்றிக் குறுகிய தூரம் பறக்கும் ஈஹாங் என்ற வானூர்திக்கு சீனா 2023 ஒக்டோபரில் வடிவமைப்புச் சான்றிதழை வழங்கியது. எனவே, 'முடியாது' என்று வாதிடுவதில் பயனில்லை.

இயந்திரம் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். எமது மலையகத்திலேயே அதற்கு ஒரு சாட்சியம் உண்டு. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவில் இருந்து ஹஜ் யாத்திரிகர்களுடன் கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்த மார்ட்டினெயார் டீ.சீ.-8 விமானம் மஸ்கெலியா பகுதியில் உள்ள ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதில் இருந்த 191 பேரில் எவரும் பிழைக்கவில்லை. விமானம் எங்கே நிற்கிறது என்பதை விமானியறையில் இருந்தவர்கள் தவறாகக் கணித்ததே காரணம். மூன்று நாட்களுக்கு முன்னர்தான் அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்திலும் ஒரு விமானம் அதேபோன்று மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தார்கள். அந்தக் காலகட்டத்து அனர்த்தங்களின் விளைவாகவே, நிலம் நெருங்குகிறது என்று குரல் கொடுத்து எச்சரிக்கும் கருவி விமானங்களில் கட்டாயமாக்கப்பட்டது. வழுவற்ற ஒரு விமானம் மலையில் மோதுவது இன்று அரிதாகிவிட்டது என்றால் அந்தக் கருவிக்கும் அதன் வழிவந்த கருவிகளுக்குமே நன்றி சொல்லவேண்டும்.

மனிதனின் குறைபாட்டுக்கு வேறு உதாரணங்களும் உண்டு. 2009 ஜூன் 1ஆம் திகதி ரியோ டி ஜெனீரோவில் இருந்து பாரிஸ் நோக்கிப் பறந்த எயார் பிரான்ஸ் விமானத்தின் வேகத்தை அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டது. தன்னியக்கச் செலுத்தி விலகிக்கொண்டது. சில நிமிடங்களில் 228 பேர் அட்லாண்டிக் சமுத்திரத்தில் மாண்டுபோனார்கள். நிதானமாகப் பிடித்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய விமானம் அது. 2015 மார்ச் 24ஆம் திகதி ஜேர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி, கப்டன் வெளியே சென்ற சமயம் பார்த்துக் கதவைப் பூட்டிக்கொண்டு பிரெஞ்சு அல்ப்ஸ் மலையில் வேண்டுமென்றே விமானத்தை மோதினார். 150 பேர் பலியாகினர். இவற்றைப் படித்த ஒருவர் 'மனிதனை நம்புவதை விட இயந்திரத்தை நம்பலாம்' என்று சொன்னால் அவரைக் குறைகூற முடியாது.

ஆனால், இந்த இரு சம்பவங்களையும் சற்று உற்றுநோக்க வேண்டும். எயார் பிரான்ஸ் விமானத்தில் முதலில் கைவிட்டது இயந்திரமே. வழமையான வேளைகளில் எல்லாம் தானே செய்துவிட்டு, இக்கட்டான கணத்தில் 'இனி நீ பார்த்துக்கொள்' என்று மனிதனின் கையில் அது பொறுப்பைத் திணித்தது. அந்த உயரத்தில் கையால் செலுத்திப் பழக்கமற்ற விமானிகள் தடுமாறினார்கள். ஜேர்மன்விங்ஸ் சம்பவமோ விமானியறையில் ஒருவர் தனித்து இருக்கும்போது என்ன நடக்கலாம் என்பதற்கான கொடூரமான சான்று. இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு, விமான உற்பத்தியாளர்களும் சேவைகளும் இப்போது எதைக் கேட்கிறார்கள் என்று பார்ப்போம்.

அவர்கள் உடனடியாகக் கேட்பது விமானியே இல்லாத விமானத்தை அல்ல. இரண்டு விமானிகளில் ஒருவரைக் குறைப்பதையே கேட்கிறார்கள். இரண்டாவது உலகப்போரை அடுத்த காலத்தில் நீண்டதூர விமானங்களில் கப்டன், துணை விமானி, பறப்புப் பொறியியலாளர், வழிகாட்டுநர், வானொலித் தொடர்பாளர் என்று ஐவர் இருந்தனர். முதலில் வானொலித் தொடர்பாளர் போனார். பிறகு வழிகாட்டுநர் போனார். 1980களில் பறப்புப் பொறியியலாளருக்கும் விடைகொடுக்கப்பட்டது. ஒவ்வொருவர் போனபோதும் அவரது வேலையைச் செய்வதற்கு நம்பகமான கருவி வந்திருந்தது என்பது உண்மை. இப்போதைய யோசனை, நீண்ட பயணத்தின் நடுப்பகுதியில் ஒரு விமானி ஓய்வெடுக்க மற்றவர் தனியே விமானத்தைக் கவனிப்பதில் ஆரம்பித்து, காலப்போக்கில் ஒரே விமானியுடன் முழுப் பயணத்தையும் நடத்துவதாகும்.

ஏன் இந்த அவசரம்? 2017ஆம் ஆண்டில் யூ.பி.எஸ். என்ற சுவிஸ் வங்கி ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. விமானிகள் இல்லாத பறப்பு, விமானத்துறைக்கு வருடாந்தம் 35 பில்லியன் டொலர்களை மிச்சப்படுத்தக்கூடும் என்பது அதன் கணக்கு. அதே வங்கி சுமார் எட்டாயிரம் பேரிடம் கருத்துக் கேட்டபோது 54 சதவீதமானோர் அத்தகைய விமானத்தில் ஏறும் சாத்தியம் குறைவு என்றார்கள். ஏறத் தயார் என்றவர்கள் 17 சதவீதத்தினர் மாத்திரமே. பாதுகாப்புக் குறைபாட்டைக் கண்டு பயணிகள் கேட்ட மாற்றமல்ல இது. கணக்குப் புத்தகத்தில் பிறந்த மாற்றம்.

தற்போதைய முறை தோல்வி கண்டிருந்தால் மாற்றத்தை வரவேற்கலாம். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்கின்படி 2024ஆம் ஆண்டில் உலகில் சுமார் 4 கோடி 6 இலட்சம் விமானப் பறப்புகள் இடம்பெற்றன. உயிரிழப்பை ஏற்படுத்திய விபத்துக்கள் ஏழு. இரண்டு விமானிகளும் நல்ல கருவிகளும் சேர்ந்து சாதித்த பெறுபேறு இது. இதில் ஒருவரை அகற்ற விரும்புபவர்களே, அவர் இல்லாமலும் இதே பாதுகாப்புக் கிடைக்கும் என்று நிரூபிக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு முகவரகம் இதை ஆராய்வித்தது. 2025ஆம் ஆண்டில் வெளியான அறிக்கையின் முடிவு, இன்றைய விமானியறை வடிவமைப்பில் இருவர் இருக்கும்போது உள்ள பாதுகாப்புக்கு நிகரான பாதுகாப்பு உண்டு என்று போதுமான அளவு நிறுவ முடியவில்லை என்பதே. விமானிக்குத் திடீரென்று நோய் வந்தால், களைப்பால் கண்ணயர்ந்தால், ஒருவரின் கணிப்பை மற்றவர் சரிபார்க்க இல்லாமற்போனால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு இன்னமும் திருப்தியான விடை இல்லை.

மேலதிகமாக ஒருவர் இருப்பதன் பெறுமதியை இரு சம்பவங்கள் எடுத்துக்காட்டுகின்றன. 2010 நவம்பர் 4ஆம் திகதி சிங்கப்பூரில் இருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவான்டாஸ் ஏ-380 விமானத்தின் இயந்திரம் ஒன்று நடுவானில் வெடித்துச் சிதறி இறக்கையைத் துளைத்தது. கணினித் திரையில் எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குவிந்தன. கப்டன் ரிச்சர்ட் டி க்ரெஸ்பினி, எவை பழுதடைந்தன என்று துரத்திக்கொண்டிருப்பதை விட்டு, எவை இன்னமும் இயங்குகின்றன என்று கணக்கெடுக்கத் தொடங்கியதாகப் பின்னர் கூறினார். விமானிகளின் திறமையைப் பரிசோதிக்கும் பயணமாக அது அமைந்திருந்ததால் அன்று விமானியறையில் ஐந்து விமானிகள் இருந்தனர். விமானத்தில் இருந்த 469 பேரும் காயமின்றிச் சாங்கி விமானநிலையத்தில் இறங்கினார்கள்.

அடுத்தது இந்தோனேசியாவின் லயன் எயார். 2018 ஒக்டோபர் 28ஆம் திகதி பாலித் தீவில் இருந்து ஜகார்த்தாவுக்கு வந்த போயிங் 737 மெக்ஸ் விமானம் மூக்கைக் கீழே அமுக்கி அடம்பிடித்தது. அன்று பணியில் இல்லாத மூன்றாவது விமானி ஒருவரும் விமானியறையின் மேலதிக ஆசனத்தில் பயணம் செய்துகொண்டிருந்தார். வால் இறக்கையை அசைக்கும் மின்மோட்டாரைத் துண்டித்துக் கையால் சமாளித்து விமானம் இறக்கப்பட்டது. மறுநாள் காலையில் அதே விமானம் வேறு இரு விமானிகளுடன் புறப்பட்டது. அதே கோளாறு மீண்டும் தலைதூக்க, 189 பேருடன் ஜாவா கடலில் வீழ்ந்தது. 2019 மார்ச் 10ஆம் திகதி எத்தியோப்பிய விமானத்திலும் அதே கதை. 157 பேர் மாண்டார்கள்.

அந்த 346 மரணங்களுக்கும் மூலம் ஒரு மென்பொருள். இறக்கைக்கும் எதிர்வரும் காற்றுக்கும் இடையிலான கோணத்தை அளக்கும் இரு உணர்கருவிகள் இருந்தபோதிலும், அது ஒன்றை மாத்திரமே நம்பியது. அந்த ஒன்று பொய் சொன்னபோது மென்பொருள் அதை உண்மையென்று எடுத்து விமானத்தைக் கீழ்நோக்கித் திருப்பியது. முதலாவது விபத்து வரை விமானிகளின் கையேட்டில் அது பற்றிய விளக்கம் இருக்கவில்லை. இதற்காகத் தண்டிக்கப்பட்டவர் யார்? போயிங் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவர் மாத்திரம் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டு 2022 மார்ச்சில் விடுதலையானார். நிறுவனத்துக்கு எதிரான குற்றவியல் வழக்கை, அமெரிக்க நீதித் திணைக்களத்தின் வேண்டுகோளை ஏற்று நீதிமன்றம் 2025 நவம்பரில் தள்ளுபடி செய்தது. நிறுவனம் பணம் கட்டியது. ஒரு மனிதர்கூடச் சிறை செல்லவில்லை.

'அது பழைய பாணி மென்பொருள். செயற்கை நுண்ணறிவு கற்றுக்கொள்ளும், சிந்திக்கும்' என்று பதில் வரும். அங்குதான் எனது ஐயம் அதிகரிக்கிறது. இன்றைய விமானக் கணினி, மனிதர் எழுதிய விதிகளின்படி நடப்பது. அதன் ஒவ்வொரு வரியும் எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது என்று காட்டினால்தான் சான்றிதழ் கிடைக்கும். கற்றுக்கொள்ளும் நரம்பு வலையமைப்பு அப்படிப்பட்டதல்ல. இலட்சக்கணக்கான உதாரணங்களில் இருந்து அது தனக்குள் உருவாக்கிக்கொள்ளும் கணக்கை, அதை உருவாக்கியவராலேயே வரிவரியாக விளக்க முடியாது. மேலும், அதன் அறிவு முன்னர் நடந்தவற்றின் அறிவு. விமான அனர்த்தங்களோ அரிதானவை; ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. எந்தக் கணத்துக்காக நாம் விமானிக்குச் சம்பளம் கொடுக்கிறோமோ, அந்தக் கணத்துக்கான பாடம் இயந்திரத்தின் பாடப்புத்தகத்தில் மிகக் குறைவாகவே இருக்கும்.

கணினியைச் சூழவுள்ள உலகமும் எப்போதும் நட்பானதல்ல. 2025 ஒக்டோபர் 30ஆம் திகதி அமெரிக்காவின் ஜெட்புளூ ஏ-320 விமானம் நடுவானில் திடீரென்று தலைகவிழ்ந்தது, பயணிகள் காயமடைந்தனர். சூரியனில் இருந்து வரும் கடும் கதிர்வீச்சு, விமானக் கட்டுப்பாட்டுக் கணினியின் தரவுகளைச் சிதைத்துவிடக்கூடும் என்று அதை ஆராய்ந்த எயார்பஸ் அறிவித்தது. நவம்பர் இறுதியில் உலகெங்கும் சுமார் ஆறாயிரம் விமானங்கள் அவசரத் திருத்தத்துக்கு உட்படுத்தப்பட்டன.

இவை எல்லாவற்றையும் விட என்னை அதிகம் சிந்திக்க வைத்தது 2024 டிசம்பர் 25ஆம் திகதி அஸர்பைஜான் விமானத்துக்கு நேர்ந்த கதி. பாக்குவில் இருந்து ரஷ்யாவின் குரோஸ்னி நகருக்குச் சென்ற அந்த விமானத்தின் ஜீ.பி.எஸ். சமிக்ஞை முடக்கப்பட்டது. பின்னர் அது ரஷ்ய வான்பாதுகாப்பு ஏவுகணை வெடித்ததால் சேதமடைந்தது. ஹைட்ரோலிக் அமைப்பு செயலிழந்த நிலையில், இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் விமானிகள் அதைக் கஸ்பியன் கடலைத் தாண்டிக் கஸகஸ்தானின் அக்டௌ வரை கொண்டுசென்றார்கள். அங்கு தரையில் மோதியதில் 38 பேர் இறந்தனர். 29 பேர் உயிர் தப்பினர். இறந்தவர்களில் இரு விமானிகளும் அடங்குவர். தரையிலிருந்து சமிக்ஞை மூலம் கட்டுப்படுத்தப்படும் விமானமாக அது இருந்திருந்தால், சமிக்ஞையை முடக்கியவர்கள் கட்டுப்பாட்டையும் சேர்த்தே முடக்கியிருக்கலாம்.

நான் சொல்ல வருவது இதுதான். விமானி என்பவர் திறமைக்காக மாத்திரம் முன்னால் அமர்த்தப்பட்டவர் அல்ல. அவர் ஒரு பிணை. பின்னால் இருக்கும் முந்நூறு பேருக்கு என்ன நடக்குமோ அதுவே அவருக்கும் நடக்கும். இறங்கும்போது மூடுபனியைக் கண்டு 'இங்கே வேண்டாம், திரும்புவோம்' என்று அவர் தீர்மானிக்கும்போது எரிபொருள் செலவையோ தாமதத்தையோ கணக்கிடும் முகாமையாளரின் குரலை விடத் தன் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளின் முகம் அவருக்கு நெருக்கமானது. ஆயிரம் மைல்களுக்கு அப்பால் திரைக்கு முன்னால் இருக்கும் மேற்பார்வையாளருக்கோ, மென்பொருளை விற்ற நிறுவனத்துக்கோ அந்தப் பந்தம் கிடையாது.

செலுத்துபவரின் உயிருக்கு ஆபத்தில்லாத விமானம் என்றால் என்னவென்று எங்கள் மக்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. போர்க்காலத்தில் வன்னி வானத்தில் ரீங்காரமிட்டுச் சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தை மக்கள் 'வண்டு' என்று அழைத்தார்கள். அந்தச் சத்தம் கேட்டால் பதுங்குகுழியைத் தேடினார்கள். போர்க்கருவியையும் பயணிகள் விமானத்தையும் நான் ஒன்றாகக் கருதவில்லை. ஆனால், முகம் தெரியாத ஒருவர் எங்கோ பாதுகாப்பாக இருந்துகொண்டு ஒரு விமானத்தை இயக்கும்போது, அதன் விளைவை அனுபவிப்பவருக்கும் அவருக்கும் இடையில் எவ்வளவு தூரம் விழுந்துவிடுகிறது என்பதை அந்த மக்கள் அறிவார்கள்.

மின்தூக்கியில் முன்னர் இயக்குபவர் இருந்தார், இப்போது இல்லை. டில்லியில் 2020 டிசம்பரில் இருந்து சாரதியில்லாத மெட்ரோ ரயில் ஓடுகிறது. மக்கள் பழகிக்கொண்டார்கள் அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், மின்தூக்கிக்கும் ரயிலுக்கும் சந்தேகம் வந்தால் நின்றுவிடலாம், நிற்பதே பாதுகாப்பு. முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் நிற்பதற்கு இடமில்லை.

விமானிகள் சங்கங்கள் தங்கள் வேலையைக் காப்பாற்றவே எதிர்க்கின்றன என்றும் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சுயநலம் இல்லை என்று நான் கூறமாட்டேன். ஆனால், உற்பத்தியாளருக்கும் சேவைக்கும் இருப்பதும் சுயநலமே. எவருடைய சுயநலம் எனது உயிரோடு ஒத்துப்போகிறது என்பதையே பயணி பார்க்கவேண்டும்.

செயற்கை நுண்ணறிவை விமானியறைக்குள் விடக்கூடாது என்பது எனது வாதம் அல்ல. அது மூன்றாவது ஆளாக உள்ளே வரட்டும். களைத்த விமானியை எச்சரிக்கட்டும். புயலை முன்கூட்டியே காட்டட்டும். குவியும் எச்சரிக்கைகளில் முக்கியமானதைப் பொறுக்கிக் கொடுக்கட்டும். விமானி மயங்கி விழுந்தால் விமானத்தைத் தரையிறக்கட்டும். சிறிய விமானங்களில் இதற்கான கார்மின் நிறுவனத்தின் அவசரத் தரையிறக்க முறை 2020ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றுவிட்டது. இருவருக்கு உதவியாக வரும் இயந்திரம் பாதுகாப்பைக் கூட்டும். இருவரில் ஒருவருக்குப் பதிலாக வரும் இயந்திரம் செலவைக் குறைக்கும். இரண்டும் ஒரே கருவியாக இருக்கலாம், நோக்கம் வேறு.

எமது சமூகத்தை இந்த விவகாரம் தொலைவில் இருந்து பார்க்கும் ஒன்றாகக் கருத முடியாது. தாய் யாழ்ப்பாணத்தில், மகன் டொரண்டோவில், மகள் சிட்னியில் என்று சிதறிப்போன குடும்பங்கள் எங்களுடையவை. ஒரு திருமணத்துக்கும் ஒரு செத்தவீட்டுக்கும் சமுத்திரங்களைக் கடக்கவேண்டியவர்கள் நாங்கள். நடு இரவில் பயணிகள் எல்லோரும் உறங்கும்போது விமானியறையில் ஒருவரை மாத்திரம் விட்டால் போதும் என்ற யோசனை, நாம் வழமையாகப் பயணம் செய்யும் அந்த நீண்டதூர விமானங்களை மனதில் வைத்தே தீட்டப்பட்டது.

ஐரோப்பிய முகவரகத்தின் அறிக்கையால் அது தற்போதைக்குத் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. தள்ளிப்போடப்பட்டவை வேறு பெயரில் திரும்பி வருவதை அரசியலில் நாம் நிறையவே கண்டிருக்கிறோம். மீண்டும் வரும்போது 'இயந்திரத்தால் முடியுமா' என்ற கேள்வியோடு பயணிகள் நின்றுவிடக்கூடாது. 'இயந்திரம் தவறினால் என்னோடு சேர்ந்து யார் விழுவார், யார் பொறுப்புக் கூறுவார்' என்று கேட்கவேண்டும். அதற்குத் தெளிவான பதில் கிடைக்கும் வரை விமானியறையில் இரண்டு மனிதர்கள் இருக்கட்டும். பயணச்சீட்டின் விலையில் அவர்களின் சம்பளத்துக்காக நாம் கொடுக்கும் பங்கு வீண்செலவு அல்ல.